கிளட்ச் மிதிக்கிற கால்

அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே எனக்குக் குமட்டும். ஃபினாயில் வாடை, கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் பெஞ்சு, டோக்கன் நம்பரைக் கடனே என்று கூவுகிற ஆள். எல்லாவற்றுக்கும் மேலே, என்னை அறுத்த அந்த டாக்டரின் முகம்.

நான் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். அடிவயிற்றில் இடது பக்கம் ஹெர்னியா பிதுங்கியது. உள்ளே வலை வைத்துத் தைத்து, ஆறு வாரத்தில் ஓட்டலாம் என்றார்கள். பதினோரு மாதம் ஆகிவிட்டது. கிளட்சை மிதித்தால் தொடை இடுக்கில் காய்ச்சிய கம்பியை விட்டு இழுப்பதுபோல் இருக்கிறது. இந்த மாதத்துக்குள் ஸ்டியரிங்கைப் பிடி, இல்லாவிட்டால் பஸ் கழுவப் போ என்று டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரைச் சுற்றி நாலு மாணவர்கள். அவர் கண் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை.

"வலியே இல்லைன்னுல்ல இருக்கு? நர்ஸ் மாசாமாசம் போன் பண்ணிக் கேட்டிருக்காங்க. எல்லா மாசமும் வலி பூஜ்யம்னு போட்டிருக்கு."

"யாருங்க டாக்டர் அப்படிச் சொன்னது?"

பக்கத்தில் மனைவி கைப்பை வாரை முறுக்கினாள். "நான்தான். எப்படி இருக்காருன்னு ஒரு பொண்ணு கேக்கும். நல்லா இருக்காருன்னு சொல்வேன். முன்னப்பின்ன தெரியாதவகிட்ட ஒப்பாரியா வைக்க முடியும்?"

"அடிப்பாவி! நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன், உனக்கு நல்லா இருக்கேனா?"

"என்னை மட்டும் திட்டுங்க. நானாவது போன்ல சொன்னேன். நீங்க நேர்ல வந்து என்ன சொன்னீங்க?"

டாக்டர் திரையைப் பார்த்து வாசித்தார். "மூணு தடவை வந்திருக்கீங்க. மூணு தடவையும் 'பரவாயில்லை'ன்னு சொல்லியிருக்கீங்க."

உண்மைதான். என் மேலேயே அருவருப்பு வந்தது. படிக்கட்டில் தொங்குகிறவனை வாய்க்கு வந்தபடி திட்டுவேன், டிப்போ மேனேஜரிடம் சரிக்குச் சரி நிற்பேன். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "ஏதோ பரவாயில்லைங்க டாக்டர்" என்று இளித்திருக்கிறேன். அவ்வளவு படித்தவர் செய்த வேலையைக் குறை சொல்வதா என்ற கூச்சம். சீ, இந்த நாக்கை இழுத்து வைத்து அறுக்க வேண்டும். ஆனால் நொண்டிக்கொண்டு உள்ளே வந்தவனை நிமிர்ந்து பார்க்க இந்த மனுஷனுக்கு என்ன கேடு?

"அப்போ டிரைவர் வேலைக்குப் போகலாம்னே எழுதிடறேன்" என்று பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க!" என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "பரவாயில்லைன்னதெல்லாம் பொய். இருமினா உயிர் போகுது. ஜட்டி பட்டா எரியுது. இவ பக்கத்துல வந்து படுத்தா நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கிறேன். நாலு பேர் முன்னாடி இதையும் சொல்லிட்டேன், போதுமா?"

ஒரு மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். மனைவி எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். என்னைப் படுக்க வைத்து, தழும்பை ஒட்டி ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அலறித் துள்ளினேன்.

"நரம்பு வலையோட சிக்கியிருக்கும்போல. மரத்துப்போற ஊசி போட்டுப் பாப்போம். வலி நின்னா நரம்புதான்னு தெரிஞ்சிடும். நாலஞ்சு மணி நேரத்துல திரும்ப வரும், பயப்படாதீங்க. மறுபடி ஊசி போடலாம், கேக்கலைன்னா அந்த நரம்பையே எடுத்துடலாம்."

ஊசி போட்டுக் கால் மணி நேரம் கழித்து இறங்கச் சொன்னார்கள். இடது காலைத் தரையில் மெல்ல ஊன்றினேன். பிறகு கிளட்சை மிதிப்பதுபோல் ஓங்கி மிதித்தேன். வலிக்கவில்லை. மறுபடியும் மிதித்தேன். வலியே இல்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டாக்டர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? ஒரு விரல் போதும். ஒரு நிமிஷ வேலை" என்றார் பெருமையாக.

ஒரு நிமிஷ வேலையாம்! பதினோரு மாதம் என்னை வதைத்துவிட்டு, ஒரு நிமிஷ வேலையாம்! தொண்டை வரைக்கும் எச்சில் திரண்டு வந்தது. யார் முகத்தில் துப்புவது என்று தெரியவில்லை. விழுங்கிவிட்டு, "ரொம்ப நன்றிங்க டாக்டர்" என்றேன்.