மூன்று முறை கழுவிய கன்னம்

அந்தச் சோதனைக்கூடத்தில் எல்லோரும் அவளைச் சுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சும்மா வந்த பட்டமா அது? மேசையில் ஒரு துளி தண்ணீர் நின்றால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். அவள் கழுவியதை இன்னொருத்தர் குறை சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

அங்கே நடந்த வேலை இதுதான். வாய்ப்புண்ணுக்கு ஒரு மருந்து. விழுங்குவதில்லை, கன்னத்தின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். விரல் நகம் அளவு, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. பேட்ச் என்பார்கள். அதைச் செய்தது நெட்டைத் தம்பி. வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவன் உள்ளே வந்ததே கிடையாது. கசாப்புக் கடையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் ஆட்டின் உட்கன்னத் தோலைக் கண்ணாடித் தகட்டில் விரித்து, அதன்மேல் பேட்சை அரை நிமிடம் அழுத்தி, உடம்புச் சூட்டில் செயற்கை உமிழ்நீரைச் சொட்டுச் சொட்டாக ஓடவிட வேண்டும். நாலு மணி நேரம் தாங்கினால் தேறியது. எங்கே தாங்கியது? பதினோரு விதமாகச் சேர்மானம் போட்டுப் பார்த்துவிட்டான், பதினோரு தடவையும் இருபது நிமிடத்துக்குள் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

அவனுக்கு இது வெறும் உத்தியோகம் இல்லை. அவன் அம்மாவுக்கு ஆறு வருடமாக வாயெல்லாம் புண். தண்ணீர் குடித்தாலே கண் கலங்கும். பேச்சு நின்றே போய்விட்டது. போனில் எது கேட்டாலும் நகத்தால் தட்டித்தான் பதில். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. மதிய இடைவேளையில் அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு, "சாப்டியாம்மா?" என்று கேட்பதும், அந்தப் பக்கம் டொக், டொக் என்று விழுவதும் சுத்தக்காவுக்கு மனப்பாடம். அந்த இரண்டாவது தட்டு விழுந்தால் அவள் தன் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிடுவாள்.

"பன்னெண்டாவதுதான் கடைசி. இதுவும் விழுந்தா ஃபைலை மூடிடலாம்," என்று மேடம் சொல்லிவிட்டார். கூடத்துக்கு அவர்தான் தலைமை. சொன்னால் சொன்னதுதான்.

அன்றைக்கென்று பார்த்து ஐஸ் பெட்டி இரண்டு மணி நேரம் தாமதம். சுத்தக்கா வழக்கமாகத் தோலை உப்புநீரில் மூன்று தடவை, பஞ்சால் தேய்த்து, அந்தக் கொழகொழப்பு முழுக்கப் போகும்வரை கழுவுவாள். செய்முறைத் தாளில் 'மெதுவாக ஒரு முறை அலசவும்' என்றுதான் இருந்தது. ஒரு தடவை அலசினால் எது சுத்தமாகும்? இதை எழுதின புண்ணியவான் வீட்டில் ஒரு பாத்திரமும் கழுவியிருக்க மாட்டான் என்று எப்போதோ தீர்மானித்துவிட்டாள். அன்று நேரமில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒரு அலசு அலசி, கொழகொழவென்று இருந்ததை அப்படியே விரித்து, பேட்சை அழுத்தினாள்.

இருபது நிமிடம் ஆயிற்று. விழவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது மணியில், கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு அந்தத் தகட்டைச் சுற்றி நின்றார்கள். நாலு மணி முடிந்ததும் தோலோடு எடுத்து, பிடிப்பை அளக்கும் இழுவை எந்திரத்தில் மாட்டினார்கள். அது பேட்சை மேலே தூக்க, ஆட்டுத் தோலும் கூடவே எழும்பியது. இரண்டுக்கும் நடுவில் அந்தக் கொழகொழப்பு இழை இழையாக நீண்டு, விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. "அடேயப்பா!" என்றார் மேடம். அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை.

சுத்தக்கா தன் கன்னத்தின் உள்பக்கம் நாக்கை ஓட்டிப் பார்த்தாள். பிறந்த நாளிலிருந்து கூடவே இருக்கிற வழவழப்பு. சாப்பாட்டை வழுக்கிப் போகவிடுவதும் அதுதான், மருந்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதும் அதுதான். கேட்காமலே கிடைத்தது, கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாதது. எப்பேர்ப்பட்ட பொருளை அழுக்கு என்று தேய்த்துத் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள்! அவளுக்கு மெய் சிலிர்த்தது. அடுத்த நொடியே, விழுந்த பதினோரு தடவையும் கழுவியது தான்தான் என்று உறைத்தது.

எல்லோரும் நெட்டைத் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பன்னிரண்டாவதில் அப்படி என்னத்தைச் சேர்த்தாய் என்று துளைத்தார்கள். அவள் கம்மென்று இருந்திருக்கலாம், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. முடியவில்லை.

"மேடம், சேர்மானம் இல்ல. நான்தான் காரணம்," என்றாள். "ஒவ்வொரு தடவையும் மூணு வாட்டி தேய்ச்சுக் கழுவிட்டு இருந்தேன். இன்னிக்கு நேரமில்லாம விட்டுட்டேன்."

மேடம் ஃபைலை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினார். "முதல்முதல்ல செஞ்ச பேட்ச் மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. மறுநாள் ஒரே தோலில் இரண்டு துண்டு எடுத்தார்கள். ஒன்றை மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள், மற்றதை ஒரு தடவை அலசினாள். இரண்டிலும் எட்டு மாதத்துக்கு முன்பு செய்த அந்த முதல் பேட்ச். தேய்த்ததில் பதினெட்டாவது நிமிடம் விழுந்தது. மற்றது நாலு மணி தாண்டியும் சொந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

நெட்டைத் தம்பி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"தம்பி, நாலு வார்த்தை திட்டிடுப்பா. இப்படி உக்காராதே."

"திட்ட நேரமில்லக்கா, மொதல்ல அம்மாகிட்ட சொல்லணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். "அம்மா, ஒட்டிடுச்சும்மா. மொதல்ல செஞ்சதே ஒட்டுது. மனுஷங்க வாயில வெச்சுப் பாக்க இன்னும் நாளாகும். பொறுத்துக்குவியா?"

டொக்.

சுத்தக்கா போனை வாங்கினாள். கழுவிய கதை முழுவதையும், ஒரு சொல் மறைக்காமல் சொன்னாள். "எட்டு மாசம் உங்களக் காக்க வெச்சது நான்தாம்மா. எம்மேல கோவமா?"

டொக்.

நியாயம்தானே என்று நினைத்தாள். போனைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினாள்.

டொக்.