பாதாம் வாசனை

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்பாள் அண்ணி. வரட்டும். மூக்குக்குள் இருப்பது என் அண்ணனின் பிழைப்பு. அதுதான் என் தலைவலி.

சோளத்தட்டையை அரைத்து, நீர் கலந்த அமிலத்தில் ஊறவைத்து, மூடிய கலனில் நீராவி விட்டு வேகவைத்தால் தட்டையின் நார் உடைந்து சர்க்கரையாகும். நேரத்துக்குத் திறந்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் உருவான சர்க்கரையே உடைந்து கருகிவிடும். முதலில் ஈர வைக்கோல் வாசனை வரும், பிறகு பாகு. பாதாம் வாசனை லேசாக எட்டிப் பார்த்த அந்த நொடியே திறந்துவிட வேண்டும், அது ஏறிவிட்டால் கதை முடிந்தது. சின்னக் குழாயில் கசியும் ஆவியை முகர்ந்து "திற" என்று சொல்வது என் வேலை. கால் ஆடும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஆறு வருஷமாகச் சொல்கிறேன். இதற்கென்றே ஒரு கருவி விற்கிறார்கள். அண்ணன் வாங்க மாட்டான்.

"நீ இருக்கும்போது அது எதுக்கு, மூக்கி?"

இப்போது வேறு ஊரில் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று, இனி முடியாது என்று எழுதிவிட்டார்கள். அண்ணனிடம் கேட்டால் "இந்த லோடு முடியட்டும்" என்பான். லோடு முடிந்ததாகச் சரித்திரமே இல்லை.

அதனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குச் சளி. எந்த வாசனையும் தெரியவில்லை என்று சாதித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் இறங்கி வந்தான். "சரி, கடிகாரத்த வச்சு ஓட்டிப் பாக்குறேன். கருகிப்போச்சுன்னா கருவிய வாங்கித்தான் ஆகணும். நீ கிளம்பிடு."

நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், விடுதலை.

எதிரே அண்ணி நின்றாள். மூன்று நாளாகத் தட்டை அரைத்ததில் அவள் கையெல்லாம் கீறல். வைக்கோல் வந்தது. பாகு வந்தது, அருமையான பாகு. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னும் எட்டு நிமிஷம்."

எட்டு நிமிஷம் தாங்காது. பல்லைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் பெட்டி அடுக்கினேன். நாலு துணி, வேலைக் கடிதம், செருப்பு. அப்போது மெல்ல, மிக மெல்லப் பாதாம்.

"திற. திறண்ணா, போகுது."

நான்தான் சொல்லியிருந்தேன். எழுந்தும் நின்றிருந்தேன்.

அண்ணன் வால்வைத் திருகினான். வெள்ளை ஆவி அறையை நிறைத்து அடங்கியது. அண்ணி கண்ணாடிக் குடுவையில் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். தேன் நிறம். இந்த வருஷத்திலேயே நல்ல சரக்கு இதுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் அழுகை வருகிறது.

சளியைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருவி வாங்க எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். எட்டாக மடித்து, குனிந்து, என் ஸ்டூல் காலுக்கடியில் செருகினான்.

"உக்காரு, மூக்கி. இனிமே ஆடாது."