மூக்கக்கா பார்த்துச் சொன்ன கார்

காரின் முன் இருக்கைகள் இரண்டையும் கழற்றி வெயிலில் போட்டிருந்தார்கள். மூக்கக்கா உள்ளே மண்டியிட்டு, தரைவிரிப்பின் ஓரத்தைக் கத்தியால் நெம்பித் தூக்கி, அதன் அடியில் பஞ்சுபோல இருந்த பட்டையைக் கையால் பிழிந்தாள். பழுப்புத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. வெள்ளத்தில் நின்ற கார். மேலே எவ்வளவுதான் துடைத்தாலும் தண்ணீர் இந்தப் பட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு நாள்பட நாள்பட ஊசிப்போகும். பட்டையை உரித்து வெளியே எறிந்துவிட்டு, பாட்டிலில் இருந்த, நாற்றம் போக்கும் மருந்தை எடுத்து மூலை முடுக்கெல்லாம் அடித்தாள். மருந்து என்றுதான் யார்டில் எல்லோரும் சொன்னார்கள். நீல டிரம்மில் வரும். டிரம்மின் மேல் ஒரு எழுத்துகூட இருக்காது. கதவைச் சாத்திக்கொண்டு அடித்தால்தான் மருந்து பிடிக்கும். அடிக்கிறவளுக்குக் கண் எரியும், தொண்டை கமறும். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

பழைய கார்களை மலிவாக வாங்கி, மினுக்கி, விலை ஏற்றி விற்கிற யார்டு அது. உள்பக்கம் கழுவுகிற வேலை அவளுடையது. மூக்கக்கா என்ற பெயரும் அங்கே கிடைத்ததுதான். ஒரு காருக்குள் தலையை விட்டு ஒரு மூச்சு இழுத்தால் போதும், வண்டியின் ஜாதகத்தையே சொல்லிவிடுவாள். "இதுல நாய் ஏத்தியிருக்காங்க." "பின்சீட்ல குழந்தை பால் கக்கியிருக்கு, தேய்ச்சு விட்டிருக்காங்க, போகல." "ஓட்டினவரு சிகரெட்டை விட்டுட்டேன்னு பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லியிருக்காரு." யார்டே சிரிக்கும். அவள் 'ஆச்சு' என்று சொன்ன பிறகுதான் கார் விற்பனை வரிசைக்குப் போகும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவளை இத்தனை வருஷம் வைத்திருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதெல்லாம் பழைய கதை. மூக்கு இப்போது செத்துவிட்டது.

முதலில் சளி என்றுதான் நினைத்தாள். ஒருநாள் அடுப்பில் சோறு கரிக்கட்டையாகி, பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவை இடித்த பிறகுதான் தெரிந்தது. இன்னொரு நாள், ஒரு காரின் சீட்டைக் கழற்றியபோது அடியில் எலி செத்து நாளாகிக் கிடந்தது. சீட்டைப் பிடித்துக்கொள்ள வந்த பாலிஷ்காரர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் மூக்குக்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்யறீங்க? என்ன மருந்து அடிப்பீங்க?" என்று கேட்டார். "நீல டிரம்ல வரும் டாக்டர்" என்றாள். அவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, அந்த வேலையை விட்டுவிடச் சொன்னார். வேலையை விடு என்று சொல்ல யாருக்குத்தான் நாக்குக் கூசுகிறது?

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. முன்பு இதே வேலையிலிருந்த ஒருத்தி தொண்டை எரிகிறது என்று சொன்ன மறுவாரமே, வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதனால் மூக்கக்கா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"மூக்கக்கா, ஆச்சா?" சூப்பர்வைசர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

"தோ, ஒரு நிமிஷம்." அவள் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இந்த சீட்டை உள்ள வைக்கக் கொஞ்சம் கை கொடுங்களேன்."

பாலிஷ்காரர் வந்து தலையை உள்ளே விட்டார். அவள் சீட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள். மூக்கு சுருங்கவில்லை, உதடு கோணவில்லை.

"ஆச்சு சார். எடுத்துக்கங்க."

அந்தச் சமயத்தில்தான் அவள் மகள் கார் வாங்கக் கிளம்பினாள். முப்பதை நெருங்கியவள். எவருடைய வேனையோ ஓட்டி, எவருடைய திட்டையோ வாங்கிக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டிவிட்டாள். டயாலிசிஸ் மையம் ஒன்றில், நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டி வந்து கொண்டுபோய் விட ஆள் தேடினார்கள். சொந்தக் கார் இருந்தால் நிரந்தரமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கடனும் கிடைத்துவிட்டது. குறைந்த பணத்துக்கு அம்மா தன் சேமிப்பை வழித்துக் கொடுத்தாள்.

"உங்க யார்டுலயே பாக்கலாமாம்மா?"

"அய்யய்யோ, வேண்டவே வேண்டாம். எந்த வண்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குல்ல தெரியும்!"

இருவரும் சிரித்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த வேறொரு யார்டில் மகளுக்கு ஒரு வெள்ளைக் கார் பிடித்துப்போயிருந்தது. தெரிந்த மெக்கானிக் இன்ஜினைப் பார்த்து நல்லதாகச் சொல்லிவிட்டார். "உள்பக்கம் எனக்குத் தெரியாது, உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு. அவங்க மூக்குக்குத் தப்பி எதுவும் போகாது" என்றாராம்.

பஸ்ஸில் அந்த யார்டுக்குப் போகும்போது மூக்கக்கா தன் மூக்கைப் பற்றி இரண்டு முறை சொல்ல வாயெடுத்தாள். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். "தெரிஞ்சவங்க எல்லாரும் செகண்ட்ஹேண்ட் வாங்காத, ஏமாந்துடுவேன்னு பயமுறுத்தறாங்க. எங்கம்மா இருக்கா, எனக்கென்ன பயம்னு சொல்லிட்டேன்."

மூக்கக்கா வந்த வார்த்தையை மென்று விழுங்கினாள். சொன்னால் மகள் நேரே யார்டுக்குப் போய்ச் சண்டை போடுவாள், இருக்கிற வேலையும் போகும், கடன் கட்டும் காலத்தில் அது ஆகாது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. மகள் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட அவளிடம் இருந்தது அந்த மூக்கு ஒன்றுதான். அதுவும் இல்லையென்று சொல்ல வெட்கமாக இருந்தது. கண்ணும் கையும் இருக்கின்றனவே, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்றார் அந்த யார்டு வியாபாரி.

"ஓட்டப்போறது நான். பாக்கப்போறது எங்கம்மா" என்றாள் மகள். "அவங்க கார் யார்டுலதான் வேலை பாக்கறாங்க. மோந்து பாத்தே சொல்லிடுவாங்க."

வியாபாரி ஒரு மாதிரியாகச் சிரித்தார். "தாராளமா பாருங்கம்மா. நம்மகிட்ட ஒளிவு மறைவே கிடையாது."

மூக்கக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை இழுத்து, சேற்றுக் கோடு இருக்கிறதா என்று தடவினாள். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் திருகாணிகளில் துரு இருக்கிறதா என்று நெருடினாள். முன்விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம் கோத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். எங்கேயும் ஒரு குறை இல்லை. யாரோ கைதேர்ந்தவள் கழுவியிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.

கழுவினவள் பக்கத்திலேயே வாளியோடு நின்றாள். இவள் வயதுதான் இருக்கும். விரல் நுனிகள் இவளுக்கு இருப்பதுபோலவே வெளுத்துத் தோலுரிந்திருந்தன. வியாபாரி போனில் பேசியபடி நாலு எட்டு தள்ளிப் போனதும், டிக்கியைத் திறந்து காட்டுகிற சாக்கில் அவள் அருகே வந்தாள்.

"நல்லா மோந்து பாருங்கக்கா" என்றாள் அடிக்குரலில். "கண்ணாடி எல்லாத்தையும் ஏத்திட்டு, பின்சீட்ல உக்காந்து பாருங்க."

வியாபாரி திரும்பியதும் அவள் வாளிக்குள் துணியைப் போட்டு அலச ஆரம்பித்தாள்.

மூக்கக்கா பின்சீட்டில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றினாள். இருக்கைக்கும் தரைக்கும் நடுவே முகத்தைக் கொண்டுபோய் நீளமாக மூச்சை இழுத்தாள். காற்று வந்தது. காற்றைத் தவிர வேறொன்றும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இழுத்தாள். ஒரே ஒரு தடவை, இந்த ஒரு வண்டிக்கு மட்டும் வந்துவிட்டுப் போகட்டும் என்று யாரையோ கெஞ்சினாள். நெஞ்சு வலிக்க இழுத்தும் ஒன்றும் வரவில்லை.

கதவைத் திறந்து மகள் தலையை நீட்டினாள். "எனக்கு செண்ட் வாடைதாம்மா தூக்கலா வருது. அடியில ஏதாச்சும் இருக்கா?"

மூக்கக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். பாலிஷ்காரர் முகத்தைப் படிப்பதுபோலப் படித்தாள். அந்த முகத்தில் ஆசையைத் தவிர எதுவும் தெரியவில்லை. கழுவினவள் எதற்காக அப்படிச் சொன்னாள் என்றும் யோசித்தாள். தன் வேலையின் சுத்தத்தைக் காட்டிக்கொள்ளச் சொல்லியிருப்பாள். நாமும் அப்படித்தானே சொல்லிக்கொள்வோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லடி. நல்ல வண்டி."

வாளியைத் தூக்கிய கழுவினவள் அப்படியே நின்றாள். பெற்ற பிள்ளையையே ஏமாற்றுகிறாயா என்பதுபோல இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்து போனாள். மூக்கக்காவுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் புரிந்தது. புரிந்தபோது மகள் முன்பணத்தை வியாபாரியின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

செண்ட் வாடை போகும்வரை கார் நன்றாகத்தான் ஓடியது. மழை பிடித்துக்கொண்டது, கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுத்தான் ஓட்டவேண்டியிருந்தது. டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோய் வந்து உட்கார்ந்த ஒரு பெரியவர் பாதி வழியில் வாந்தியெடுத்தார். அடுத்த நாள் வேறொரு நோயாளி, வண்டியை நிறுத்தச் சொல்லி மழையிலேயே இறங்கி நின்றுவிட்டாள். மையத்திலிருந்து போன் வந்தது. நோயாளிகள் புகார் சொல்கிறார்கள், இன்னொரு புகார் வந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் காரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள். அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"என்ன வாடைம்மா இது?"

மூக்கக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். மூக்கு சுருங்கியிருந்தது, உதடு கோணியிருந்தது. வெள்ளத் தண்ணீர் ஊசின வாடை என்று ஊகத்தில் சொல்லி இன்றைக்கும் சமாளித்துவிடலாம். ஆனால் முடியவில்லை.

"எனக்குத் தெரியலடி."

"தெரியலன்னா? குடலைப் புடுங்குதும்மா!"

"எனக்கு எந்த வாடையும் தெரியறதில்ல. மாசக்கணக்கா ஆச்சு."

மகளுக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் முகம் செத்துப்போயிற்று. "அப்ப அன்னைக்கு? நல்ல வண்டின்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"நேத்து அந்த ஆள்கிட்ட போய்ச் சண்டை போட்டேன். உங்கம்மா மோந்து பாத்துச் சொல்லித்தானே வாங்கினீங்கன்னு சிரிக்கிறான். எங்கம்மாவைப் பத்திப் பேசாதேன்னு கத்திட்டு வந்தேன்மா." அவள் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மூக்கக்காவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. வெளியே யாரோ குடையை உதறிக்கொண்டு கடந்து போனார்கள்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "யார்டுல தெரியுமா?"

"தெரியாது."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொல்லிடாதம்மா" என்றாள். "தவணை இருக்கு."

மழை விட்டதும் இருவரும் வேலையில் இறங்கினார்கள். சீட்டுகளைக் கழற்றினார்கள், விரிப்பை நெம்பினார்கள். அடியில் புதுப் பட்டை ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தபோது, அதற்கும் அடியில் இருந்த தகர மடிப்புகளில் சேறு கறுத்து இறுகிக் கிடந்தது. மூக்கக்கா கரண்டியால் சுரண்டி எடுத்தாள். பிறகு வீட்டுக்கென்று எப்போதோ யார்டிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்திருந்த மருந்தை எடுத்து, உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தாள். இறங்கியபோது கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. குனிந்து நின்று இருமி முடித்தாள்.

"இப்பப் பாரு."

கைக்குட்டையால் மூக்கைக் கட்டியிருந்த மகள் அதை இறக்கிவிட்டு உள்ளே தலையை நீட்டினாள். "இன்னும் இருக்குதும்மா."

மூக்கக்கா மறுபடி அடித்தாள். மறுபடி இறங்கி இருமினாள்.

"இப்ப?"

"கொஞ்சம் இருக்கு." மகள் அம்மாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷமா இப்படிக் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் அடிப்பியா?"

"தெறந்து வச்சா பிடிக்காதுடி."

மகள் கைக்குட்டையை அவிழ்த்து அம்மாவிடம் நீட்டினாள். "இதைக் கட்டிக்கிட்டு அடி."

"எனக்கெதுக்கு? உனக்குத்தானே நாறுது, நீ கட்டிக்க."

மூக்கக்கா பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள். மருந்து பட்டுக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மங்கின. மகள் கைக்குட்டையை மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்ளிருந்து இருமல் கேட்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.