முதலில் கொக்கி தரையைத் தொடட்டும்

சவப்பெட்டிக்கு மேலே பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீலத் துணியில் கம்பனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் வாசிக்க முடியும் என்கிற அளவில், அமரர் சுவக்கினுக்கு அஞ்சலி. செத்தது தன் அப்பாவா, கம்பனியா என்று கம்பளை மைதானத்து ஓரத்தில் நின்ற றேணுகாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கம்பளைக்கு மேலே அவர்களுடைய தோட்டத்துக்குப் போகும் பாதை, போன மழையில் மூன்று இடத்தில் சரிந்து போனது. இன்னும் நடந்துதான் போக வேண்டும். தோட்டத்துப் பொடியன்கள் எட்டுப் பேர் பெட்டியைத் தோளில் தூக்கி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணி நேரத்து ஏற்றம். ஆனால் அம்மாவின் தம்பி ஜொனி மாமாவுக்கு அது கௌரவமாகப் படவில்லை. கம்பனி மனேஜர் நிரஞ்சனோடு அவரே பேசி முடித்துவிட்டார். பெட்டி ஹெலிகொப்டரில் தொங்கிக்கொண்டு போகும், கம்பனிக்காரர் படம் எடுப்பார்கள். நம்ம சனத்தில் இப்படிப் போன பிணம் உண்டா என்று காலையிலிருந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். றேணுகாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுவக்கின் அந்தக் கம்பனியில் நாலு வருசம் வேலை செய்தார். கம்பனியிடம் இருந்தது இரண்டு எஞ்சின் வைத்த சின்ன ஹெலிகொப்டர். வயிற்றிலிருந்து நூற்றைம்பது அடிக் கம்பி வடம், அதன் நுனியில் கொக்கி. டெலிபோன் டவருக்கு வேண்டிய இரும்பையும் சிமெந்தையும் அதில் மாட்டி மலையுச்சிக்குக் கொண்டுபோவார்கள். கீழே மாட்டி விடுகிறவன் றஜீவ். மேலே நின்று கழற்றிவிட்டு, சரி போ என்று வலது கையை உயர்த்துகிறவர் சுவக்கின். உத்தியோகம் அவ்வளவுதான். வீட்டில் அவர் அளந்ததைக் கேட்டால், ஹெலிகொப்டரே அவருடைய கைச் சாடையில்தான் பறக்கிறது என்று தோன்றும்.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் மீன் டின்னை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டுவார். "பாரும்மா, பாரமான சாமான் அசையாம தொங்கும். லேசான சாமான்தான் சுத்தும். அதுதான் ஆளைக் கொல்லும்." கையில் கிளாஸ் இருக்கும், வாயில் நாற்றம் இருக்கும். றேணுகா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவாள். தரையில் நின்று கை காட்டுகிற மனுஷனுக்கு இவ்வளவு வாயா என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

கடைசியில் அவரை எதுவும் வந்து கொல்லவில்லை. முந்தாநாள் காலை, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது, ஜன்னலில் தலையைச் சாய்த்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். டிக்கட்டுக்காகத் தோளைத் தட்டிய கண்டக்டர்தான் கண்டது. அவ்வளவு அளந்த மனுஷனுக்கு இப்படி ஒரு சாவா என்று அதிலும் அவளுக்கு ஒரு வெட்கம் இருந்தது. பொலிஸ் திருப்பிக் கொடுத்த பைக்குள் சாப்பாட்டுப் பெட்டியும் ஒரு சோடித் தோல் கையுறையும் கிடந்தன.

பேனரைக் கட்டி முடித்ததும் காற்று அதை உப்பவைத்தது. பெட்டியே ஒரு தரம் அசைந்து கொடுத்தது. றேணுகா நேராக றஜீவிடம் போய் எவ்வளவு பாரம் என்று கேட்டாள். தொண்ணூறு கிலோகூட வராதுக்கா என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். இது சுற்றும் என்று மனேஜரிடம் சொன்னானாம், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம்.

நிரஞ்சன் சிரித்த முகமாக வந்தார். சாவு வீட்டுக்கென்றே வாங்கியது போல வெள்ளைச் சேட், அதன் பையில் கம்பனிச் சின்னம். "தங்கச்சி, நீங்க பயப்பட வேணாம். இது ரெண்டு எஞ்சின் மெஷின். ஒண்ணு நின்னாலும் மத்தது தூக்கும்."

"எஞ்சின் நாலு இருந்தாலும் பெட்டி சுத்தும் சார். சுத்தி மேல ஏறுனா பைலட் பட்டனை அமத்திக் கொக்கியக் கழட்டி விட்டுருவாரு. அப்புறம் எங்கப்பாவத் தேயிலைக்குள்ளதான் பொறுக்கணும்."

ஜொனி மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, பெரிய மனுஷன்கிட்ட பேசுற பேச்சா இது என்றார். ஹெலிகொப்டர் பக்கமிருந்து பைலட் நடந்து வந்தார். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற சிங்களவர், அதிகம் பேசாத ஆள். பெட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"இந்தப் பிள்ளை சொல்றது சரி. துணி கழட்டு. வலை போட்டு நாலு சிமெந்து மூடை வை." பிறகு எல்லார் முகத்தையும் பார்த்தார். "மேலே யார் கை காட்டுறது?"

எல்லாக் கண்களும் பெட்டிக்குத்தான் போயின.

"நான் காட்டுறேன்," என்றாள் றேணுகா.

வலைக்குள் நாலு மூடையை அடுக்கி அதன்மேல் பெட்டியை வைத்துக் கட்டினார்கள். செத்த பிறகும் தன் பாரம் போதாமல் சிமெந்தைக் கடன் வாங்குகிறாரே என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

முதல் பயணத்தில் அவளையும் மாமாவையும் மனேஜரையும் படம் எடுக்கிறவரையும் ஏற்றிக்கொண்டு போய் மேலே கோவில் மைதானத்தில் இறக்கினார்கள். நாலு நிமிசம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பா விடியுமுன்னே எழும்பி, இரண்டு மூன்று மணி நேரம் நடந்துதான் மலையுச்சிகளுக்குப் போவார். இந்த நாலு வருசத்தில் அவரை ஒருநாளும் அந்தச் சீட்டில் உட்காரவைத்ததில்லை. அது அவளுக்கு அந்தச் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மைதானத்தை ஒட்டிய சேமக்காலையில் குழி தயாராக இருந்தது. பாதர் புத்தகத்தோடு நின்றார். அம்மா மதலேனா பெண்களுக்கு நடுவில் குந்தியிருந்தாள். நிரஞ்சன் சுருட்டிக் கொண்டுவந்த பேனரை விரித்து ஒரு முனையை மாமாவின் கையில் கொடுத்தார். கீழே திரும்பிப் போன ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. பெட்டி மலை விளிம்பிலிருந்து எழும்பி வந்தது, நூல் பிடித்தது போல, சுற்றாமல், ஆடாமல். பைலட் கதவுக்கு வெளியே தலையை நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது அவளுடைய கையை.

அவள் கையைத் தாழ்த்தத் தாழ்த்தப் பெட்டி இறங்கிப் புல்லில் அமர்ந்தது. கம்பி தளர்ந்து கொக்கி இடுப்புயரத்தில் ஊசலாடியது. ஜொனி மாமா பேனரைப் போட்டுவிட்டு, படத்தில் விழ வேண்டுமே என்று கொக்கியைப் பிடிக்க ஓடிவந்தார். றேணுகா அவருடைய மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள்.

"தொடாதீங்க மாமா. மொதல்ல அது தரையைத் தொடட்டும். பறந்ததுல கம்பியில கரண்ட் ஏறியிருக்கும், ஷொக் அடிச்சித் தூக்கிப் போடும்."

கொக்கி புல்லில் பட்டது. சின்னதாய் ஒரு பொறி வெடித்தது. மாமா இரண்டடி பின்வாங்கினார். மனேஜருடைய பேனர் காற்றில் பறந்து போய்த் தேயிலைச் செடிகளில் சிக்கியது. அதை யாரும் எடுக்கப் போகவில்லை.

அவள் தோளில் கிடந்த அப்பாவின் பையிலிருந்து கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கொக்கியின் நாக்கை அமுக்கி வலையைக் கழற்றினாள். நாலடி தள்ளி நின்று வலது கையை நேராக உயர்த்தினாள். பைலட் ஒரு கணம் அந்தக் கையையே பார்த்தார். கம்பி மேலே போனது. சத்தம் கம்பளைப் பக்கமாகத் தேய்ந்து, பிறகு இல்லாமல் போனது.

பாதர் புத்தகத்தைத் திறந்தார், அவளைப் பார்த்தார், திரும்ப மூடினார். மதலேனா எழுந்து வந்து, இன்னமும் வானத்தைப் பார்த்து நின்ற அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினாள். கையுறை றேணுகாவுக்கு ரொம்பப் பெரிது. விரல் நுனிகள் காலியாகத் தொங்கின.