லாசர் அடிக்காத மணி

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, லாசர் கை வைக்காமலே அவருடைய மணி அடித்தது.

அப்போது அவர் கேட்டில் நின்று, பின்பக்கமாக உள்ளே வந்த ஜல்லி லாரிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். டங், டங், டங். கரண்ட் மணி வருவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அவர் தன் கையால் அடித்த சத்தம். இன்டர்வெலுக்கு இன்னும் பத்து நிமிஷம் கிடக்கிறதே என்று அவர் திரும்புவதற்குள், தகரக் கொட்டகையிலிருந்து ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் கொட்டிய நெல்லிக்காயாகச் சிதறி ஓடிவந்தன.

லாசர் லாரிக்குப் பின்னால் பாய்ந்து அதன் பின்பலகையை இரண்டு கையாலும் அறைந்தார். "நிறுத்துடா! டேய், நிறுத்துடா எருமை!"

லாரி நின்றது. டயருக்கும் ஒரு சிறுமிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. அவள் கையிலிருந்து நழுவிய தண்ணீர் பாட்டில் டயருக்கடியில் அப்பளமாகக் கிடந்தது.

வில்லாபுரத்தில் அந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பழைய கட்டடத்தில் பாதியை இடித்துவிட்டு மீதியில் பெரிய வகுப்புகள். மைதானத்துத் தகரக் கொட்டகையில் சின்ன வகுப்புகள். ஒரு பக்கம் ஒன்றாம் வாய்ப்பாடு, மறுபக்கம் கலவை மெஷின். கரண்ட் மணி இடிபாட்டோடு போய்விட்டதால், வேப்பமரத்தில் பழையபடி தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். வகுப்பு நடக்கும்போதுதான் லாரி அசையலாம், மணி அடித்தால் லாரி நிற்க வேண்டும், பிள்ளைகள் வெளியே வரலாம். ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு துண்டு இரும்பில் தொங்கியது. அதை அடிக்கிற சுத்தியலோ பள்ளிக்கூடத்துப் பியூன் லாசர் கையில்.

லாசர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. படிப்பு அஞ்சாவதோடு நின்றுபோனது. காகிதத்தைக் காட்டிப் பேசுகிறவனைக் கண்டாலே அவருக்கு உடம்பு அரிக்கும். இன்ஜினியர் சிவராம் டேப் போட்டு அளந்துவிட்டுப் போனால், அவர் போன பிறகு லாசர் காலடியால் ஒருமுறை அளந்துபார்ப்பார். சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் மறுநாளும் அளப்பார்.

அன்று மத்தியானம் தலைமை ஆசிரியை ஜெஸியின் அறையில் எல்லோரும் நின்றார்கள்.

"லாசரண்ணே, மறந்தாப்ல அடிச்சுட்டீங்களா? சொல்லிருங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் ஜெஸி டீச்சர்.

"லாரிக்குக் கை காட்டிட்டு நின்னேன் டீச்சர். எனக்கென்ன நாலு கையா?"

"பெரியவரே, வயசானா அப்படித்தான். வெயில் வேற" என்றார் சிவராம்.

லாசருக்குச் சுருக்கென்றது. "யாருக்கு வயசாச்சு? பள்ளிக்கூடத்தப் பூட்டுனா ரெண்டே மாசத்துல முடிச்சுருவேன்னு போன வாரம் சொன்னது யாரு? நீங்கதான? பூட்டணும்னு யாருக்கு ஆசையோ, அவுகதான் மணிய அடிச்சிருக்காக."

சிவராம் முகம் சிவந்து வெளியே போனார்.

ஜெஸி டீச்சர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "நாளைக்கு நாலு மணிக்குப் பெத்தவங்களக் கூப்பிட்டிருக்கேன். இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா, மூணாவது வரைக்கும் பிள்ளைகள ரிங் ரோட்டுக்கு அங்கிட்டு இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாத்தணும்னு மிஷன்ல சொல்லிட்டாங்க. கட்டடம் முடியிற வரைக்கும்தான்."

முடியிற வரைக்கும்தான். லாசர் அந்தப் பேச்சை முன்னாலேயே கேட்டவர். மேலூர்ப் பக்கம் அவர் பிறந்த ஊரில் பள்ளிக்கூடத்தை ஆறு மாசத்துக்கு என்று அடுத்த ஊருக்கு மாற்றினார்கள். அந்தக் கட்டடத்தில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். போன பிள்ளை திரும்பாது. பிள்ளை குறைந்தால் டீச்சர் குறையும். அப்புறம் யாருக்கு இந்தப் புதுக் கட்டடம்?

ராத்திரி வீட்டில் சோற்றுத் தட்டை ஒதுக்கிவைத்தார். எழுந்து உட்கார்ந்தார், உட்கார்ந்து எழுந்தார். யார் அடித்தது? சிவராமேதான். வேறு யார்?

வெள்ளிக்கிழமை காலையில் சிமெண்ட் லாரி வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். மணிக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எவன் வந்தாலும் மண்டை உடையும் என்ற முடிவோடு இருந்தார். ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. சிவராம் தூண் குழிகளுக்கு நடுவே போனைக் காதில் வைத்தபடி அங்கும் இங்கும் நடந்தார். லாசர் கண்ணும் கூடவே நடந்தது. கரண்ட் போய், கலவை மெஷின் பெருமூச்சு விட்டு நின்றது.

டங். டங். டங்.

லாசர் துள்ளி எழுந்தார். எதிரே தண்டவாளத் துண்டு ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தார். சில்லென்று செத்துக் கிடந்தது. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. சேசுவே என்று வாய் தானாக முனகியது.

கொட்டகைக்குள் பெஞ்சுகள் தடதடத்தன. லாசர் கம்பைப் போட்டுவிட்டு ஓடினார். முட்டி இரண்டும் கெஞ்சின. வாசலில் கையை விரித்து அடைத்துக்கொண்டு, "உள்ள போ! எல்லாரும் உள்ள போ! மணி இல்ல, பொய் மணி!" என்று கத்தினார். முன்னால் வந்த பிள்ளைகள் அவர் வயிற்றில் வந்து மோதின. டீச்சர் அவர்களைப் பிடித்து உட்கார வைத்த பிறகுதான் அவர் சத்தம் வந்த திக்கில் நடந்தார்.

அது சமையல் கூடத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. கீழக்குயில்குடி மருது அங்கே உட்கார்ந்து கம்பி வெட்டிக்கொண்டிருந்தான். கரண்ட் இருந்தால் மெஷினில் வெட்டுவான். இல்லாவிட்டால் உளி, சம்மட்டி. இரண்டு கட்டைகளின் மேல் ஒரு இரும்பைப் பாலம் மாதிரி கிடத்தி, அதன் மேல் கம்பியை வைத்து உளியை இறக்கினான். டங்.

லாசருக்கு அந்த இரும்பை அடையாளம் தெரிந்தது. தெரியாமல் இருக்குமா? மணிக்கென்று வந்த தண்டவாளம் நீளமாக இருந்ததால் அந்தக் காலத்தில் பட்டறையில் இரண்டாக வெட்டினார்கள். ஒரு பாதி மரத்தில் ஏறியது. மறுபாதி சமையல் கூடத்துக்குப் பின்னால் கிடந்தது.

"இத எவன்டா உனக்குக் குடுத்தது?"

மருது நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "என்னண்ணே, காலங்காத்தால தண்ணியப் போட்டுட்டீகளா? நீங்கதான குடுத்தீக. இன்ஜினியர் ஆளுக பாத்தா பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிருவாய்ங்க, நீ வச்சுக்க மாப்ளன்னு புதன்கிழம சாயங்காலம் தூக்கிக் குடுத்தீகளே."

லாசர் ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்தார். சிவராமைத் திட்டிக்கொண்டே தூக்கிக் கொடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிறகு விஷயத்தைச் சொன்னார்.

மருது உளியைக் கீழே வைத்தான். "ஆத்தாடி. அந்தப் பாட்டிலு இதுனாலயா?" சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, இப்ப என்ன? மூலைத் தூண் குழி திறந்துதான் கிடக்கு. இதத் தூக்கி உள்ள போட்டுச் சாயங்காலம் கான்கிரீட்ட ஊத்திருவோம். யாருக்குத் தெரியப் போகுது? அந்த இன்ஜினியரு மேலதான எல்லாருக்கும் சந்தேகம். இருந்துட்டுப் போகட்டும்."

லாசர் அந்தக் குழியையே பார்த்தார். ஆள் ஆழம். போட்டால் போனதுதான். இனிமேல் பொய் மணியும் அடிக்காது, லாசர் பேரும் கெடாது. சிவராம் பேர் கெட்டால் கெடட்டும், அந்தாள் என்ன சொந்தக்காரனா?

ஆனால் இது போனால் நாளைக்கு வேறொரு இரும்பு வரும். கட்டுமான இடத்தில் இரும்புக்கா பஞ்சம்? பிள்ளைகள் காதை மட்டும் நம்பி ஓடிவருகிற வரைக்கும் டயர் அங்கேயேதான் இருக்கும்.

"ஒரு கை பிடி" என்றார்.

"குழிக்குத்தான?"

"பிடிடாங்கிறேன்."

நாலு மணிக்குப் பெற்றோர் கூடிய இடத்தில், ஜெஸி டீச்சர் மேசைக்கு முன்னால், இரண்டு பேரும் அந்தத் தண்டவாளத்தைத் தொப்பென்று போட்டார்கள். லாசர் சம்மட்டியால் ஒரு அடி அடித்தார். கட்டைமேல் கிடந்தபோது பாடியது தரையில் கிடந்து மொக்கையாக முனகியது. மருது ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்க, மறுபடி அடித்தார். டங். கூட்டம் அடங்கியது.

"நேத்தும் இன்னைக்கும் அடிச்சது இது. இதக் குடுத்தது நான். வேற ஒருத்தரும் இல்ல" என்றார். பிறகு சிவராம் பக்கம் திரும்பினார். "உங்களச் சொன்னது தப்பு. அதுக்காக உங்க மேல எனக்கு நம்பிக்கை வந்துருச்சுன்னு நெனச்சுராதீக."

சிவராம் சிரிப்பை அடக்க முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாட்டில் நசுங்கிய பிள்ளையின் அம்மா நாகஜோதி எழுந்தாள். "நல்லாருக்குய்யா கதை. உங்க இரும்பு விளையாட்டுக்கு எம்பிள்ளையா கிடைச்சா? திங்கக்கிழமை டிசியக் குடுங்க டீச்சர், நான் கூட்டிட்டுப் போறேன்."

"தாயி, நீ பேசு. எம்புட்டு வேணாலும் பேசு" என்றார் லாசர். "ஆனா டிசிக்கு முந்தி இதக் கேளு. மரத்துல இருக்கிறதயும் இறக்கிர்றேன். கட்டடம் முடியிற வரைக்கும் இங்க மணியே கிடையாது. நான் ஒவ்வொரு வாசலா வாரேன். என் மூஞ்சியப் பாத்தாத்தான் பிள்ளை எந்திரிக்கணும். என்னைய மாதிரி சத்தம் போடுற இரும்பு இருக்கலாம், என்னைய மாதிரி மூஞ்சி எங்கயும் கிடையாது."

"அது சத்தியமான பேச்சு" என்றான் மருது. யாரோ சிரித்தார்கள்.

"லாரி?" என்றாள் நாகஜோதி. அவள் சிரிக்கவில்லை.

லாசர் சிவராமைப் பார்த்தார்.

"பிள்ளைகள் வெளியே இருக்கிற நேரம் லாரி சாவி பெரியவர் கையில இருக்கும்" என்றார் சிவராம். "எழுதித் தரட்டுமா?"

"எழுத்தெல்லாம் வேண்டாம். சாவியக் குடுங்க."

நாகஜோதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு வாரம் பாப்பேன். அம்புட்டுதான்."

திங்கட்கிழமை பத்து ஐம்பத்தைந்துக்கு, இன்டர்வெலுக்கு, லாசர் கிளம்பினார். இடுப்பில் சாவி குத்தியது. பழைய கட்டடத்தில் ஆறு வாசல், கொட்டகையில் மூன்று. ஒரு நாளைக்கு ஐந்து நடை. முட்டிக்கு இப்போதே விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. பெரிய வகுப்புகளை முடித்துக்கொண்டு கொட்டகையை நெருங்கும்போது கரண்ட் போனது. கம்பி வெட்ட மருது இப்போது இரும்புக்குப் பதில் ஒரு கல்லை வைத்துக்கொண்டிருந்தான். ஆனால் மேலே சாரம் கட்டுகிறவன் கை நழுவவிட்ட குழாய் ஒன்று தூணில் மோதி, டங் டங் என்று இறங்கியது.

லாசர் வேகத்தைக் கூட்டி ஒன்றாம் வகுப்பு வாசலை எட்டிப் பார்த்தார். முப்பத்தெட்டுத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பியிருந்தன. நாகஜோதியின் மகள் புது பாட்டிலை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு பிள்ளைகூட பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவர் நம்பவில்லை. மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு திரும்பி லாரியைப் பார்த்தார், இடுப்பைத் தொட்டுச் சாவியைப் பார்த்தார்.

"ம், வாங்க" என்றார்.