சோலை தூங்கும் நேரம்

அந்தக் கோடையில், அலங்காநல்லூருக்குத் தெற்கே ஓர் ஊரில், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் காற்று நின்றுவிடும். அடுப்புப் புகை கூரைக்கு மேல் பாதி ஏறி அப்படியே நிற்கும். இலவம்பஞ்சு தரைக்கு வராமல் தலை உயரத்தில் தங்கிவிடும். ஊரார் அதைக் கையால் விலக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனார்கள்.

இதை முதலில் அளந்தவள் இந்துப்ரியா. மதுரையில் தறி ஓட்டிய சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். இயற்பியலில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கல்லூரி மொட்டை மாடியிலிருந்து வயல்களைத் தாண்டி அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு லேசர் கற்றையை அனுப்புவாள். வெயிலில் தகித்த மண் காற்றைக் கலக்க, தொட்டிமேல் வைத்த கருவியில் வெளிச்சம் கூடும், குறையும். அந்தத் துடிப்புகளையெல்லாம் சேர்த்து, எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு அடிக்கடி வரும் என்று சொல்லும் சூத்திரம் ஒன்றை எழுதுவது அவள் வேலை. காலையில் மெல்லிய நடுக்கம், நண்பகலில் பேயாட்டம். ஆனால் இரண்டு மணிக்கு மேல் வரைபடம் தறியில் இழுத்துக் கட்டிய பாவுநூல் போல நேராக ஓடியது.

“இது காத்து போட்ட கோடா, நீயே போட்ட கோடாம்மா?” என்று கேட்டார் அவளுடைய கைடு ராஜகுரு. அவர் ஒரு வார்த்தை எழுதினால் ஐந்து வருஷ உழைப்பு பொய்யாகிவிடும். மறுநாள் அவள் கற்றை போன வழியே வெயிலில் நடந்தாள்.

கரும்புக் கொல்லைக்கு அப்பால், ஒரு வீட்டு வேம்பில் சேலைத் தொட்டில் தொங்கியது. பக்கத்தில் தமிழ்வாணி என்கிற இளம் தாய் உட்கார்ந்திருந்தாள்.

“பையப் பேசுங்கக்கா. பொறந்ததுலருந்து எம்புள்ள சோலை கண்ணே மூடல. நானும் அவங்கூட அழுதேன். ஒருநா மத்தியானம் காத்து நின்னுச்சு, தூங்கிட்டான். அதுலருந்து அவன் முழிக்கிற வரைக்கும் நிக்கிது.”

மறுநாள் இந்துப்ரியா ராஜகுருவை அழைத்துவந்தாள். அந்தரத்தில் நின்ற பஞ்சை அவர் விரலால் தள்ளினார். அது ஒரு சாண் நகர்ந்து நின்றது. தொட்டிக் கருவியின் அளவைக் காட்டிய மடிக்கணினியில் கோடு நேராக ஓடியது.

“புள்ளைய எழுப்பு. கோடு ஆடுச்சுன்னா நான் நம்புறேன்.”

தமிழ்வாணி தொட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு கைதட்டல் போதும். இந்துப்ரியா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேணாம் சார். மத்தியானக் கணக்க விட்டுருவோம். அவன் தூங்கட்டும்.”

“நீ கண்டுபிடிச்சது அம்புட்டும் போயிரும்மா, தெரியுதா?”

“தெரியும் சார்.”

அப்போது அவருடைய சட்டைப்பையில் போன் அலறியது. சோலை முகத்தைச் சுளித்தான். புகை நெளிந்தது, திரையில் கோடு துள்ளியது. ராஜகுரு போனை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அமுக்கினார். சிணுங்கல் அடங்கியது, கோடு மறுபடி நேரானது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசையில்லாமல் தரையில் உட்கார்ந்தார். அவன் விழிக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை.

ஆய்வேட்டில், குழந்தை தூங்கும் நேரம் நீங்கலாக இந்தச் சூத்திரம் பொருந்தும் என்று ஒரு வரி சேர்ந்தது. ராஜகுரு கையெழுத்திட்டார், தேர்வாளர்கள் எதுவும் கேட்கவில்லை. சோலைக்கு இப்போது இரண்டு வயது. பிற்பகலில் எள் தூற்ற வருகிறவர்கள் அவன் கண் விழிக்கும்வரை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நிழலில் காத்திருக்கிறார்கள்.