கைமணி

மணி அடித்தபோது அவள் ஒரு கையால் அடுப்பைத் தணித்தாள். மறு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரம்பிச்சுட்டா," என்றாள் கூடத்திலிருந்து மாமியார். "ஒரு வாய் தண்ணி கேட்டா போதும், நெஞ்சு வலி வந்துடும்."

அந்தக் கைமணி, மாமியாருக்குக் கால் முறிந்தபோது வாங்கியது. கால் கூடி இரண்டு வருடமாகிறது. தெருமுனைவரை நடந்து போய் ஊர்வம்பு பேசிவிட்டு வருகிறாள். மணி மட்டும் கட்டிலோரத்தை விட்டு நகரவில்லை. மின்விசிறியைக் கூட்ட ஒரு தடவை அடிப்பாள், மூக்குக்கண்ணாடியைத் தேட ஒரு தடவை. நடுவே எட்டு மணி நேரம் புத்தகம் கட்டும் பட்டறையில் தாள் எண்ணுவது மருமகளின் வேலை. அங்கே ஒரு நாளும் நெஞ்சு வலித்ததில்லை. அதை யாரும் கேட்கவுமில்லை.

கணவன் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். இதயத்தைப் படம் எடுத்தார்கள், அடைப்பு இல்லை. 'அடைப்பு இல்லை' என்பது வீடு வந்து சேர்வதற்குள் 'நடிப்பு' என்று ஆகிவிட்டது.

மூன்றாம் தடவை ஒரு டாக்டரம்மா அவள் விரலில் உறைபோல ஒன்றை மாட்டினார். விரலில் ஓடும் ரத்தத்தைக் காட்டும் கோடு ஒன்று திரையில் ஏறி இறங்கி ஓடியது.

"நூறுலேர்ந்து ஏழு ஏழா குறைச்சுக்கிட்டே வாங்கம்மா. வேகமா."

மற்றவர்களுக்கு இந்தக் கணக்கில் வியர்த்துவிடும். இவள் தாள் எண்ணும் வேகத்தில் இரண்டுவரை வந்து நின்றாள். கோட்டில் மாற்றமில்லை.

அப்போது அடுத்த அறையில் யாரோ நர்ஸைக் கூப்பிட மணி அடித்தார்கள். அவள் வயரோடு எழுந்துவிட்டாள்.

கணவன் சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. திரையில் கோடு சூம்பிக் கிடந்தது.

"ஏம்மா எழுந்தீங்க?"

"பழக்கம், டாக்டர்." அவள் கை நெஞ்சின்மேல் இருந்தது.

"பாருங்க சார். மனசு பதறினா இவங்க ரத்தக்குழாய் இறுகுது. விரல்ல கண்ணுக்குத் தெரியுது. இதயத்துலயும் அப்படித்தான் இறுகுதுன்னு நினைக்கிறேன். அங்க ரத்தம் குறைஞ்சா வலிக்கும். நிஜமான வலி. மாத்திரை தர்றேன். ஆனா பதற வைக்கிறத நிறுத்தணும்."

"வேலைய விடச் சொல்லிடறேன்," என்றான் கணவன்.

"கணக்குப் போடும்போது கோடு நல்லாத்தானே ஓடிச்சு? மணிச் சத்தத்துக்குத்தான் சார் சுருங்குச்சு."

அவன் ஜன்னலைப் பார்த்தான். வீட்டுக்கு வந்து, வேலையை விடவேண்டுமாம் என்று மட்டும் சொன்னான். மாமியாருக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் சாப்பிட உட்கார்ந்தாள். மணி அடித்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் எழவில்லை.

"அத்தைக்கு என்ன வேணும்னு பாருங்க. நான் சாப்பிடறேன். நாளைக்கு வேலைக்கும் போறேன்."

கணவனிடம் சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மணி மறுபடி அடித்தது. கணவன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டினான். வந்து உட்காருவதற்குள் மறுபடி மணி, கண்ணாடியைத் தேட. அப்புறம் மின்விசிறியைக் குறைக்கவேண்டும். மூன்றாம் முறை மகனின் முகத்தைப் பார்த்த மாமியார் பதறிப்போனாள்.

"ஐயோ பாவம், எம்புள்ள. இப்படி ஓடிக்கிட்டே இருந்தா அவன் நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?"

இரண்டு வருடத்தில் முதல்முறையாக மணி தலையணைக்கு அடியில் போனது. மருமகள் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.